டூபி பிரதர்ஸ்: முதல் தட்டாக எதை வாங்குவது?

அக்கா மகன் புதிதாக ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறான். சேர்த்து வைத்திருந்த காசில் முக்கால்வாசி அதற்கே போய்விட்டது. மிச்சத்தில் ஒரே ஒரு எல்பி இசைத்தட்டு வாங்கலாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்: "மாமா, டூபி பிரதர்ஸ்ல ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எதை வாங்குறது?"

அந்த அமெரிக்க ராக் குழுவில் அவனுக்குத் தெரிந்தது இரண்டே பாட்டு. ஒன்று ‘லாங் ட்ரெயின் ரன்னின்’. இன்னொன்று ‘வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்’. "ரெண்டும் ஒரே குழுதானா மாமா? குரலும் வேற, வாத்தியமும் வேற, எனக்கு நம்பிக்கையே வரலை" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முதல் பாட்டு 1973இல் வந்த ‘தி கேப்டன் அண்ட் மீ’ ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டாவது, 1978 டிசம்பரில் வந்த ‘மினிட் பை மினிட்’ ஆல்பத்தில். இடையில் ஆறு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. ஆனால் முதலாவதைக் கேட்டால் நெடுஞ்சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டுக் கார் ஓட்டுவதுபோல இருக்கும். இரண்டாவதைக் கேட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். இந்த இரண்டில் எது அவனுக்குப் பொருந்தும் என்பதுதான் விஷயம். அவனுக்காக யோசித்ததை, இதே இடத்தில் நிற்கிற மற்றவர்களுக்கும் உதவுமே என்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் குழுவைப் பற்றிக் கொஞ்சம். கலிபோர்னியாவில் சான் ஹோசே என்ற ஊரில் 1970இல் ஆரம்பித்தார்கள். டாம் ஜான்ஸ்டன் முரட்டு ரிதம் கிதார் வாசிப்பவர், தொண்டையைத் திறந்து பாடுபவர். பேட்ரிக் சிம்மன்ஸ் விரலால் தந்தியை மீட்டி நாட்டுப்புறப் பாணியில் வாசிப்பவர். ஜான் ஹார்ட்மன் டிரம்ஸ். சாண்டா குரூஸ் மலைப்பக்கம் மோட்டார் சைக்கிள் கும்பல்கள் கூடுகிற மதுக்கடைகளில்தான் ஆரம்ப காலத்தில் வாசித்தார்கள். பீர் பாட்டிலோடு நிற்கிற அந்தக் கூட்டத்துக்கு மென்மையாக ஏதாவது வாசித்தால் யார் காதிலும் விழாது. தாளம் தடித்து இருக்க வேண்டும், கோரஸ் எல்லாரும் சேர்ந்து கத்துகிற மாதிரி இருக்க வேண்டும். அவர்களுடைய முதல் சத்தம் அங்கே உருவானது. ‘டூபி’ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் கஞ்சா சுருட்டு. அண்ணன் தம்பி யாரும் குழுவில் கிடையாது.

1971இல் வந்த முதல் ஆல்பம் எடுபடவில்லை. 1972இல் வந்த ‘டூலூஸ் ஸ்ட்ரீட்’தான் ‘லிசன் டு தி மியூசிக்’ பாட்டின் மூலம் இவர்களை ஊரறியச் செய்தது. பேஸ் கிதாருக்கு டைரன் போர்ட்டர் வந்தார். இரண்டாவதாக ஒரு டிரம்மரும் சேர்ந்தார். தயாரிப்பாளர் டெட் டெம்பிள்மன். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ‘தி கேப்டன் அண்ட் மீ’க்கு வருவோம். ‘லாங் ட்ரெயின் ரன்னின்’ ஆரம்பத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு கிதார். ஜான்ஸ்டனின் வலது கை ஒரு கணம்கூட நிற்பதில்லை. தாளத்தின் ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்துக்கொண்டு மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இடது கை தந்தியை அழுத்தினால் ஸ்வரம் வருகிறது. விரலை லேசாகத் தளர்த்தினால் ஸ்வரம் செத்து ‘சிக்கு சிக்கு’ என்று வெறும் தாளம் மட்டும் வருகிறது. அதாவது ஒரே கிதார், ஒரே நேரத்தில் சுருதி வாத்தியமாகவும் தாள வாத்தியமாகவும் வேலை செய்கிறது. அதன்மேல் இன்னொரு கிதார் சின்னச் சின்னதாகத் தந்தியைக் கிள்ளிக்கொண்டு வருகிறது. அப்புறம் காங்கா என்ற கை முரசு, டிரம்ஸ், பேஸ். எல்லாம் வந்து சேரும்போது ரயில் வேகம் பிடித்திருக்கும். நடுவில் ஜான்ஸ்டனே ஒரு மவுத் ஆர்கன் வாசிக்கிறார். அந்த மூச்சு, ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற வண்டியின் ஊதல் மாதிரியே இருக்கும்.

இந்தப் பாட்டுக்கு வெகுநாள் வரை வரிகளே கிடையாது. மேடையில் சும்மா வாசித்துக்கொண்டிருந்த ஒரு தாள அமைப்பு அது. டெம்பிள்மன் விடாமல் வற்புறுத்தித்தான் ஜான்ஸ்டன் வரிகள் எழுதினார். அவருக்கு அதில் அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. அந்த முதல் காலத்து டூபி பிரதர்ஸைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும் என்பது என் எண்ணம். பாட்டு பிறப்பது வலது கையில். கை ஓடுகிற ஓட்டத்தில் மெட்டு பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும், வார்த்தை கடைசியாக வரும். ‘சைனா க்ரோவ்’ பாட்டும் அப்படித்தான் வந்தது, இசை முதலில், கதை அப்புறம். அந்தப் பாட்டில் பியானோவை அடித்து நொறுக்குபவர் லிட்டில் ஃபீட் குழுவின் பில் பெய்ன். கிதாரின் எதிரொலிக்கு நடுவே அந்தப் பியானோ குதிப்பதைக் கவனித்துக் கேளுங்கள். சைனா க்ரோவ் என்று டெக்சஸில் சான் அன்டோனியோ பக்கத்தில் நிஜமாகவே ஒரு சின்ன ஊர் இருக்கிறது. தான் கற்பனையாக வைத்த பெயர் என்றுதான் ஜான்ஸ்டன் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். எப்போதோ அந்தப் பக்கம் வண்டியில் போனபோது பார்த்த பெயர்ப்பலகை மனசில் தங்கியிருக்கிறது.

இந்த ஆல்பத்தை முரட்டு ராக் என்று மட்டும் நினைத்து வாங்கினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. முதல் பாட்டான ‘நேச்சுரல் திங்’கிலேயே சிந்தசைசர் வருகிறது. ‘டார்க் ஐட் கேஜன் உமன்’ நிதானமான ப்ளூஸ். முதல் பக்கத்தின் கடைசியில் சிம்மன்ஸின் ‘கிளியர் அஸ் தி டிரைவன் ஸ்னோ’, மெல்லிய விரல் வாசிப்பில் ஆரம்பித்துப் போகப் போகக் கொந்தளிக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ‘சவுத் சிட்டி மிட்நைட் லேடி’ என்று சிம்மன்ஸின் இன்னொரு பாட்டு. நடுராத்திரி ஊர் திரும்புகிறவனின் பாட்டு. அதில் பெடல் ஸ்டீல் கிதார் ஒன்று பின்னால் அழுதுகொண்டே வரும். அதை வாசித்தவர் அப்போது இந்தக் குழுவிலேயே இல்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அட்டைப்படத்தையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பெரிய பூகம்பம் வந்தது. அதில் இடிந்து பாதியில் நிற்கிற நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில், பழங்கால உடையில், குதிரை வண்டியோடு இவர்கள் நிற்கிறார்கள். எல்பி அளவில் அந்தப் படத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பது ஒரு தனி சுகம். போன் திரையில் அது ஒரு தபால்தலை அவ்வளவுதான்.

இனி மாற்றம் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1974 ஆல்பத்தில் இருந்த ‘பிளாக் வாட்டர்’ 1975 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இவர்களுடைய முதல் நம்பர் ஒன் பாட்டு. அதைப் பாடியது ஜான்ஸ்டன் இல்லை, சிம்மன்ஸ். மின்சார கிதாரும் முன்னால் இல்லை. அக்கூஸ்டிக் கிதார், வயோலா, முடிவில் வாத்தியம் எல்லாம் நின்றுபோய் வெறும் குரல்கள் ஒன்றையொன்று துரத்துகிற பகுதி. ஆக, ஜான்ஸ்டனின் வலது கை இல்லாமலும் இந்தக் குழு நிற்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அவர் இல்லாமல் இருக்க வேண்டிய நிலைமை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருஷம் ‘ஸ்டாம்பீட்’ ஆல்பத்துக்காகச் சுற்றுப்பயணம் கிளம்பிய சமயத்தில் ஜான்ஸ்டனுக்கு வயிற்றுப்புண் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. கச்சேரிகளோ ஏற்கனவே ஒப்புக்கொண்டவை. முக்கியப் பாடகர் இல்லை. அப்போது குழுவின் மூன்றாவது கிதார் கலைஞராக இருந்தவர் ஜெஃப் பாக்ஸ்டர். அதற்கு முன்னால் ஸ்டீலி டான் குழுவில் வாசித்தவர். அங்கே தன்னோடு மேடையில் கீபோர்டு வாசித்துப் பின்குரல் பாடிய ஒரு பையனைக் கூப்பிடலாம் என்று சொன்னார். அந்தப் பையன் மிசௌரி மாநிலத்து மைக்கேல் மெக்டொனால்ட். வயசு 23. நியூ ஆர்லியன்ஸில் வந்து சேர்ந்தார். அவசரத்துக்கு ஆள் நிரப்ப வந்தவர், குழுவின் சத்தத்தையே மாற்றிவிட்டார்.

இப்போது ‘மினிட் பை மினிட்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே பாட்டு பிறப்பது கீபோர்டில். ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாட்டின் முதல் சில நொடிகளைக் கேட்டு, காலால் தாளம் போட்டுப் பாருங்கள். கால் தடுமாறும். தாளத்தின் முதல் அடி எது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அது முதல் அடி இல்லை. டிரம்ஸ் உள்ளே வந்ததும்தான் ‘ஓ, இங்கேயா சமம்’ என்று புரியும், உடனே பாட்டு சுகமாக ஆட ஆரம்பிக்கும். நான் எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் ஒரு சின்னப் புல்லரிப்பு வரும். அதற்கு மேலே மெக்டொனால்டின் குரல். கரகரப்பான, கனமான, கோயில் பாடகர்களிடம் கற்றதுபோன்ற குரல். இங்கே கோயில் என்று நான் சொல்வது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச். அந்த சர்ச்சுகளின் காஸ்பல் இசையும், அதே மக்களின் ஆர் அண்ட் பி என்கிற தாள இசையும் அவர் தொண்டையில் இறங்கி இருக்கின்றன.

‘வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்’ பாட்டை அவர் பாடகர் கென்னி லாகின்ஸோடு சேர்ந்து எழுதினார். மெக்டொனால்ட் வீட்டு வாசலில் வந்து நின்ற லாகின்ஸ், உள்ளே அவர் வாசித்துக்கொண்டிருந்த முடியாத மெட்டைக் கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டுவிட்டார். முகம் பார்ப்பதற்கு முன்பே அடுத்த வரி அவர் மனசில் ஓட ஆரம்பித்துவிட்டது என்று இருவரும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். டூபி பிரதர்ஸுக்கு முன்னால், 1978 நடுவிலேயே, லாகின்ஸ் தன் ஆல்பத்தில் இதைப் பாடி வெளியிட்டார். ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது இவர்கள் பாடியதைத்தான். பழைய காதலி என்று ஒருவன் நினைத்துக்கொண்டிருக்கிற பெண்ணை வெகுகாலம் கழித்துச் சந்திக்கிறான். அவளுக்கு அவன் அந்த மாதிரி யாராகவும் இருந்ததே இல்லை. அதை ஒத்துக்கொள்ள அவன் மனசு மறுக்கிறது. மூன்றே முக்கால் நிமிஷத்துக்குள் ஒரு முழுச் சிறுகதை. கோரஸ் வரும்போது சுருதி ஏறுகிறது, குரல் மெல்லிய உச்சத்துக்குத் தாவுகிறது. அவன் பொய்யான நம்பிக்கை மேலே மேலே பறப்பது இசையிலேயே தெரிகிறது. 1979 ஏப்ரலில் இது முதலிடம் பிடித்தது. ஆல்பமும் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. 1980 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ரெக்கார்டு, சிறந்த பாட்டு என்று இரண்டு பெரிய விருதும் இந்தப் பாட்டுக்கே வந்தன.

இரண்டு ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் எங்கெல்லாம் இருக்கிறது? முதலாவதில் கார்டுகள், அதாவது சேர்த்து ஒலிக்கிற ஸ்வரக் கொத்துகள், எளிமையானவை, ஓட்டம்தான் சிக்கலானது. இரண்டாவதில் ஓட்டம் மிருதுவாகத் தெரியும், கார்டுகள் ஒவ்வொரு அடிக்கும் நிறம் மாறிக்கொண்டே போகும். கிதார் பழகுகிற ஒருவர் ‘லாங் ட்ரெயின்’ கார்டுகளை ஒரு சாயங்காலத்தில் பிடித்துவிடலாம், ஆனால் அந்த வலது கை வர மாதங்கள் ஆகும். ‘வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்’ கீபோர்டில் தலைகீழ். எந்த விரலை எங்கே வைப்பது என்பதிலேயே பல நாள் போய்விடும்.

பாடுகிற முறையும் மாறியது. ஜான்ஸ்டன் காலத்துக் கோரஸ் நண்பர்கள் கூட்டம் சேர்ந்து பாடுவதுபோல இருக்கும், நாமும் சேர்ந்து பாடலாம். மெக்டொனால்ட் காலத்துக் கோரஸ் அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டது. சேர்ந்து பாடப் போனால் பாதி வழியில் மூச்சு திணறும், உட்கார்ந்து கேட்கத்தான் தோன்றும்.

ஒலிப்பதிவிலும் வேறுபாடு உண்டு. 1973 பதிவில் அறையின் காற்று கேட்கும். டிரம்ஸ் எதிரில் இருப்பதுபோல இருக்கும். 1978 பதிவு மழமழவென்று இருக்கும், ஒவ்வொரு வாத்தியமும் அதனதன் இடத்தில் துடைத்து வைத்ததுபோல. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் இரண்டாவது அதிகம் ஜொலிக்கும். சாதாரண ஸ்பீக்கரிலும் உயிரோடு வருவது முதலாவது. என் அக்கா மகனிடம் இருப்பது பெட்டியோடு ஸ்பீக்கர் ஒட்டி வருகிற சின்ன பிளேயர். இதுவும் என் கணக்கில் வந்தது.

ரசிகர்களில் ஒரு பிரிவு உண்டு. மெக்டொனால்ட் வந்து குழுவைக் கெடுத்துவிட்டார், ராக் குழுவை மெத்தை விரித்த பாப் குழுவாக்கிவிட்டார் என்பார்கள். பிற்காலத்தில் இந்த வகை இசைக்கு யாட் ராக் என்று கேலியாக ஒரு பெயர்கூட வந்தது, சொகுசுப் படகில் போகிறவர்கள் கேட்கிற ராக் என்று. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அந்த இரண்டு தட்டுகளின் பின்னட்டையைப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் சிம்மன்ஸ் இருக்கிறார். இரண்டிலும் ஹார்ட்மன் டிரம்ஸ் வாசிக்கிறார். இரண்டிலும் பேஸ் டைரன் போர்ட்டர். இரண்டையும் தயாரித்தவர் டெம்பிள்மன், ஒலிப்பதிவு செய்தவர் டான் லாண்டி. போர்ட்டரின் பேஸை மட்டும் தனியாகக் காதில் பிடித்துக்கொண்டு ‘லாங் ட்ரெயின்’ கேட்டுவிட்டு உடனே ‘ஹியர் டு லவ் யூ’ கேளுங்கள். அதே ஆள், அதே தள்ளாட்டம், அதே நகைச்சுவை. மேலே வீடு மாறியிருக்கிறது, அஸ்திவாரம் அப்படியே இருக்கிறது. ‘மினிட் பை மினிட்’ இரண்டாம் பக்கத்தில் ‘ஸ்டீமர் லேன் பிரேக்டவுன்’ என்று சிம்மன்ஸின் வாத்திய இசை ஒன்று வருகிறது, சுத்தமான கிராமத்து ப்ளூகிராஸ். அவ்வளவு பளபளப்புக்கு நடுவில் சாண்டா குரூஸ் மலைக்காற்று ஒரு நிமிஷம் அடித்துவிட்டுப் போவதுபோல இருக்கும். அதைக் கேட்ட பிறகும் இது வேறு குழு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 1976இல் வந்த ‘டேக்கின் இட் டு தி ஸ்ட்ரீட்ஸ்’. அதில் தலைப்புப் பாட்டு மெக்டொனால்டுடையது. கீபோர்டில் சர்ச் வாசனையோடு தொடங்கி, தெருவில் இறங்கி நியாயம் கேட்கிற பாட்டு. ‘இட் கீப்ஸ் யூ ரன்னின்’ பாட்டும் அவருடையதுதான். ஜான்ஸ்டன் எழுதிய பாட்டு ஒன்றே ஒன்று இருக்கிறது, ‘டர்ன் இட் லூஸ்’. பழைய வேகத்தோடு. இதையெல்லாம்விட என்னைத் தொடுவது டைரன் போர்ட்டர் எழுதிப் பாடிய ‘ஃபார் சம்ஒன் ஸ்பெஷல்’. உடம்பு சரியில்லாமல் விலகியிருக்கிற ஜான்ஸ்டனை நினைத்து அவர் எழுதியது. ஒரு குழுவின் சத்தம் மாறுகிறது என்றால் ஒரு நண்பனின் இடம் காலியாகிறது என்றும் அர்த்தம். அந்தக் காலி இடத்தைப் பாட்டாகவே பதிந்து வைத்த தட்டு இது.

ஆனாலும் முதல் தட்டாக இதை நான் சொல்ல மாட்டேன். ஏற்கனவே இரண்டு பக்கத்தையும் தெரிந்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும். தெரியாதவருக்கு, ஒரு பாட்டு இப்படி ஒரு பாட்டு அப்படி என்று சீரில்லாமல் இருப்பதாகத் தோன்றும். மூன்றாவது தட்டாக வாங்க வேண்டியது. அடுத்த வருஷம் வந்த ‘லிவிங் ஆன் தி ஃபால்ட் லைன்’ இன்னும் கொஞ்சம் ஜாஸ் பக்கம் சாய்ந்தது. ஜான்ஸ்டன் தன் பாட்டுகளை எடுத்துக்கொண்டு முழுதாக வெளியேறியது அந்த ஆல்பத்தின் சமயத்தில்தான். பெரிய ஹிட் எதுவும் இல்லாததால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொறுமையாகக் கேட்பவர்களுக்கு நிறைய கிடைக்கும்.

சரி, எதற்கு வம்பு, தொகுப்பு ஒன்றை வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். 1976இல் வந்த ‘பெஸ்ட் ஆஃப் தி டூபீஸ்’ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பழைய தட்டுக் கடைகளில் இந்தக் குழுவின் பெயரில் இருப்பதில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். நல்ல தொகுப்பு, பதினொரு பாட்டு, ‘லிசன் டு தி மியூசிக்’, ‘லாங் ட்ரெயின்’, ‘சைனா க்ரோவ்’, ‘பிளாக் வாட்டர்’ எல்லாம் உண்டு, மெக்டொனால்ட் பாட்டும் இரண்டு உண்டு. ஆனால் வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். ‘வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்’ இதில் இருக்காது. அந்தப் பாட்டு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே இந்தத் தட்டு வந்துவிட்டது. அது வேண்டுமானால் 1981இல் வந்த இரண்டாம் தொகுப்பைத் தேட வேண்டும். பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்பதென்றால் போனிலேயே கேட்டுக்கொள்ளலாம். தட்டு வாங்குவதே ஒரு பக்கத்தை முழுசாக, அவர்கள் அடுக்கிய வரிசையில் கேட்கத்தான் என்று நினைக்கிறவன் நான். அதனால் தொகுப்பை அவனுக்குச் சிபாரிசு செய்யவில்லை.

பிறகு நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘மினிட் பை மினிட்’ வெற்றிக்குப் பிறகு 1979இல் பாக்ஸ்டரும் ஹார்ட்மனும் விலகினார்கள். 1980 ஆல்பத்தோடு போர்ட்டரும் போனார். 1982இல் குழு கலைந்தது. 1987இல் வியட்நாம் போர் வீரர்களுக்கு நிதி திரட்டும் கச்சேரிக்காகப் பழைய ஆட்கள் பலரும் ஒரே மேடையில் கூடினார்கள், அங்கிருந்து ஜான்ஸ்டன் தலைமையில் குழு திரும்ப எழுந்தது. 2020இல் ராக் இசைக் கலைஞர்களுக்கான கௌரவப் பட்டியலான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. ஐம்பதாவது ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் ஜான்ஸ்டனும் மெக்டொனால்டும் சேர்ந்து வந்தார்கள். 2025இல் சிம்மன்ஸையும் சேர்த்து மூவருமாக ‘வாக் திஸ் ரோடு’ என்று ஒரு புதிய ஆல்பம் போட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய மூன்று குரல்களும் ஒரே தட்டில் இருப்பதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அதை ரசிக்க முன்கதை தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, அவனுக்கு நான் சொன்னது இதுதான். நீ கீபோர்டு வாசிக்கிறவன், ராஜா சார் பாட்டில் பேஸ் எங்கே போகிறது, கார்டு எங்கே மாறுகிறது என்று நோண்டி நோண்டிக் கேட்கிறவன் என்றால் ‘மினிட் பை மினிட்’ உன்னைக் கட்டிப்போட்டுவிடும். தாளத்தில் தொடை தட்டுகிறவன், நாலு பேர் கூடினால் சேர்ந்து பாட வேண்டும் என்று நினைக்கிறவன், கிதார் கற்க ஆசைப்படுகிறவன் என்றால் ‘தி கேப்டன் அண்ட் மீ’. இரண்டும் சம அளவில் இழுக்கிறது என்றால் ‘தி கேப்டன் அண்ட் மீ’யே முதலில். முன்னதைக் கேட்டுவிட்டுப் பின்னதைக் கேட்டால் மாற்றம் ஒவ்வொன்றும் காதில் விழும், என்ன விட்டுப்போனது, என்ன கூடியது என்று தெரியும். பின்னதிலிருந்து முன்னுக்குப் போனால் முன்னது பச்சையாக, முடிக்காமல் விட்டதுபோலத் தோன்றி, அதற்கு உரிய நியாயம் கிடைக்காமல் போய்விடும். நான் முதலில் கேட்டது மெக்டொனால்ட் காலத்துப் பாட்டுகளைத்தான். ஜான்ஸ்டனின் வலது கையின் அருமை எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. அந்த வருஷங்கள் அவனுக்கு வீணாக வேண்டாம்.

போன வியாழக்கிழமை ராத்திரி போன் வந்தது. ‘தி கேப்டன் அண்ட் மீ’தான் வாங்கியிருந்தான். பழைய தட்டு, ஓரத்தில் லேசாகக் கீறல், விலை கொஞ்சம் கம்மி. முதல் பக்கத்தை மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் திருப்பிப் போட்டானாம்.

"மாமா, ரெண்டாவது பக்கத்துல ஒரு பாட்டு, சவுத் சிட்டி... அதுல பின்னாடி ஒரு கிதார் அழுவுது பாருங்க, இழுத்து இழுத்து. அது யாரு? ஜான்ஸ்டனா, சிம்மன்ஸா?"

"ரெண்டு பேரும் இல்லைடா. ஜெஃப் பாக்ஸ்டர்."

"அப்ப அவர் ஸ்டீலி டான்லதானே இருந்தாரு?"

"ஆமா. விருந்தாளியா வந்து வாசிச்சுட்டுப் போனாரு. அடுத்த வருஷம் இங்கேயே வந்து சேர்ந்துட்டாரு. அதுக்கு அடுத்த வருஷம், இன்னொருத்தருக்குப் போன் போட்டுக் கூப்பிட்டாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஊசியைத் தூக்கி அதே பாட்டின் ஆரம்பத்தில் திரும்ப வைக்கிற கரகரப்பு போனில் கேட்டது.